மெனோபாஸுக்குப் பிறகு இதயத்துக்குச் சீன மூலிகை உதவுமா?

கேள்வி: "அம்மாவுக்கு 55 வயது. மாதவிடாய் நின்று நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) 4.4 மில்லிமோல், ரத்த அழுத்தம் 148/92. டாக்டர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். 'ஒரு தடவை ஆரம்பித்தால் விடவே முடியாது' என்று அம்மா அதைத் தொட மாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி, டோங் குவாய் சூப், டான்ஷென் மாத்திரை, சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்ஸ்யூல் மூன்றும் இதயத்துக்கு நல்லது என்கிறார். படபடப்பு வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி ஒரு குட்டி பாட்டிலும் கொடுத்திருக்கிறார். மலேசியாவில், ஈப்போவில் இருக்கிறோம். கொடுக்கலாமா?"

முதலில் சுருக்கமான பதில். டோங் குவாய் சூப்பைச் சாப்பாடாக நினைத்து எப்போதாவது குடிக்கட்டும், இதய மருந்தாக நினைக்க வேண்டாம். டான்ஷென் மாத்திரையை, அவர் வேறு என்னென்ன சாப்பிடுகிறார் என்று தெரிந்த ஒரு ஃபார்மஸிஸ்டைக் கேட்காமல் தொட வேண்டாம். வேடிக்கை மூன்றாவதில்தான் இருக்கிறது. அம்மா எந்த ஸ்டாட்டினுக்குப் பயப்படுகிறாரோ, அதேதான் அந்தச் சிவப்பு அரிசிக் கேப்ஸ்யூலுக்குள்ளும் இருக்கிறது. ஒவ்வொன்றாக வருகிறேன்.

அம்மாவின் கொழுப்பு ஏன் இப்போது ஏறியது? "எண்ணெய்ப் பலகாரத்தையெல்லாம் குறைத்தும் ஏறிவிட்டதே" என்று இந்த வயதுப் பெண்கள் பலர் நொந்துகொள்வார்கள். பழியை முழுக்கப் பலகாரத்தின் மேல் போட முடியாது. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை வாரி எடுக்கும் வேலையைச் செய்வது கல்லீரல். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் அந்த வேலை மந்தமாகிறது. அமெரிக்காவில் பல இனப் பெண்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில் சீன வம்சாவளிப் பெண்களும் இருந்தார்கள். கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக்குள் எல்டிஎல் தாவி ஏறுவதை அந்த ஆய்வு காட்டியது. வயது ஏற ஏற மெல்லக் கூடும் சமாச்சாரம் அல்ல அது. அதே காலகட்டத்தில் ரத்தநாளங்களின் நெகிழ்வு குறைகிறது, இடுப்பில் இருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. நாற்பதுகளில் ஆண்களைவிடப் பாதுகாப்பாக இருந்த பெண்கள் அறுபதுகளில் அந்தச் சலுகையை இழப்பது இப்படித்தான்.

சீன மருத்துவம் இதைத் தன் வழியில் எப்போதோ கவனித்துவிட்டது. சுமார் 2000 வருடப் பழமையான ஹுவாங்தி நெய்ஜிங் நூல் பெண்ணின் வாழ்க்கையை ஏழேழு வருடங்களாகப் பிரிக்கிறது. 7 வயதில் பல் மாறுகிறது, 14இல் மாதவிடாய் தொடங்குகிறது, 49இல் நிற்கிறது. அதன் பிறகு சிறுநீரகத்தின் சாரம் வற்றுகிறது என்பது அவர்கள் கணக்கு. கீழே இருக்கும் சிறுநீரக நீர் மேலே ஏறி இதயத்தின் தீயைத் தணிக்க வேண்டும். நீர் வற்றினால் தீ அடங்காது. படபடப்பு, தூக்கமின்மை, ராத்திரி வியர்வை எல்லாம் அதனால்தான் என்பார்கள். கோட்பாட்டளவில் மெனோபாஸும் இதயமும் ஒரே கதை.

நடைமுறையில் அது இரண்டு கதை ஆகிவிட்டது. உங்கள் ஆண்டியின் சிபாரிசைப் புரிந்துகொள்ள இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெனோபாஸுக்கென்று இருக்கும் சீன மருந்துகளைச் சோதித்தவர்கள் பெரும்பாலும் உடம்பில் குப்பென்று ஏறும் சூட்டையும் வியர்வையையும் தூக்கத்தையும்தான் அளந்தார்கள். இதயத்துக்கென்று இருக்கும் சீன மருந்துகளைச் சோதித்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே இதய நோய் வந்தவர்களிடம் சோதித்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மாதவிடாய் நின்ற, இதுவரை இதய நோய் வராத ஒரு பெண்ணுக்கு ஒரு மூலிகையைக் கொடுத்து, பத்து வருடம் கழித்து மாரடைப்பு குறைந்ததா என்று பார்த்த பெரிய ஆய்வு கிடையாது. அம்மாவின் கேள்வி விழுவது சரியாக அந்த இடைவெளியில்.

டோங் குவாயை எடுத்துக்கொள்வோம். வடக்குச் சீனத்தில் தாங் குய் என்பார்கள். கான்சு மாகாணத்தின் மின் வட்டாரத்தில் விளைவதுதான் உசத்தி என்று பெயர். கடையில் வாங்கினால் வெளிர் மஞ்சள் சீவல்களாக, ஓரத்தில் பழுப்பு வளையத்தோடு இருக்கும். கிட்டே கொண்டுபோனால் செலரி வாசனை மூக்கைத் துளைக்கும். பெண்களுக்கான மூலிகை என்று இதற்கு இருக்கும் புகழ் ரொம்பப் பெரியது. ஆனால் 1997இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்ற 71 பெண்களுக்கு 24 வாரம், தினம் 4.5 கிராம் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரைக்கும் அதற்கும் உடல்சூட்டில் வித்தியாசமே இல்லை, ஈஸ்ட்ரோஜன் போன்ற வேலை எதையும் அது செய்யவும் இல்லை. "தனியாகக் கொடுப்பது எங்கள் முறையே இல்லை" என்று சீன வைத்தியர்கள் அதை ஆட்சேபித்தார்கள். நியாயமான ஆட்சேபம்தான்.

சரி, அவர்கள் முறைப்படியே பார்ப்போம் என்று ஹாங்காங்கில் செய்தார்கள். 13ஆம் நூற்றாண்டு வைத்தியர் லி தோங்யுவான் விட்டுச்சென்ற மருந்துக் கூட்டு ஒன்று உண்டு. டோங் குவாய் ஒரு பங்கு, ஹுவாங் சி வேர் ஐந்து பங்கு, வேறெதுவும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் வெவ்வேறு விகிதங்களில் கொதிக்க வைத்துப் பார்த்தபோது, செயல்படும் பொருள்கள் அதிகமாக இறங்கியது அந்த ஒன்றுக்கு ஐந்து விகிதத்தில்தான். எழுநூறு வருடத்துக்கு முன்னால் கருவி ஏதும் இல்லாமல் அந்த மனிதர் அதை எப்படிப் பிடித்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். ஆனால் அதையே 100 பெண்களுக்குக் கொடுத்து ஆறு மாதம் பார்த்தபோது லேசான உடல்சூடு கொஞ்சம் குறைந்தது, கடுமையானதில் வெற்று மருந்தைவிட மேலாக ஒன்றும் இல்லை. இதயம் அந்த ஆய்வின் விஷயமே அல்ல.

இந்த இடத்தில் நம் ஆட்களுக்குப் பழக்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஷாங்காயில் 1950களில் மெனோபாஸுக்கென்றே ஒரு கஷாயம் உருவாக்கினார்கள், பெயர் எர் சியன் தாங். மாதவிடாய் நிற்கும் வயதில் வரும் ரத்தக்கொதிப்புக்கும் அதைக் கொடுப்பதால் உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் கிட்டே வருவது அதுதான். ஆறு சரக்கு. அதில் முதல் சரக்கான சியன் மாவ், நம் சித்த மருத்துவத்தில் இருக்கும் நிலப்பனைக் கிழங்கேதான், அதே செடி. ஹாங்காங்கில் நடந்த ஒரு சோதனையில் அது உடல்சூட்டைக் குறைத்தது. மாரடைப்பைக் குறைக்கிறதா என்பது அங்கேயும் கேட்கப்படவில்லை.

இனி இதயத்துக்கென்றே இருக்கும் பக்கம். அங்கே ராணி டான்ஷென். பென்சில் பருமனில் செங்கல் நிறத்தில் இருக்கும் வேர். சூப்பில் போடும் வெளிர்நிற டாங்ஷென்னோடு இதைப் பலர் குழப்பிக்கொள்வதுண்டு, இரண்டும் வேறு வேறு செடி, வேறு வேறு வேலை. "தேங்கிய ரத்தத்தை ஓட்டு" என்ற வைத்திய முறையின் மையச் சரக்கு டான்ஷென். அந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் வாங் சிங்ரென். 1797இல் ஒரு கொள்ளைநோயின்போது, சரியாகப் புதைக்கப்படாமல் கிடந்த குழந்தைகளின் சடலங்களை நாள் கணக்கில் போய்ப் பார்த்து, பழைய நூல்களின் உடற்கூறு தப்பு என்று 1830இல் எழுதியவர் அவர். அவருடைய முடிவுகளிலும் தப்பு நிறைய உண்டு. ஆனால் மார்பில் தேங்கும் ரத்தத்துக்கென்று அவர் கூட்டிய பதினொரு சரக்குக் கஷாயம் இன்றும் சீன இதய வார்டுகளில் ஓடுகிறது. 1970களில் பெய்ஜிங்கில் சென் கேஜியும் சகாக்களும் டான்ஷென்னை முன்வைத்து, குசும்பாப் பூ உட்பட ஐந்து சரக்கில் ஒரு மருந்தை உருவாக்கி நெஞ்சுவலிக்காரர்களிடம் சோதித்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் டான்ஷென் உருண்டைகளும் அதே வைத்திய முறையின் வழி வந்தவைதான்.

டான்ஷென்னில் இரண்டு வகைப் பொருள் இருக்கிறது. சால்வியனாலிக் அமிலங்கள் தண்ணீரில் கரையும், டான்ஷினோன்கள் கரையாது, அதற்குச் சாராயம் வேண்டும். ஆகவே வேரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் டீயும் பெட்டியில் வரும் மாத்திரையும் ஒரே மருந்து என்று நினைக்கக் கூடாது. "டான்ஷென் நல்லது என்று ஆய்வு சொல்கிறது" என்று யாராவது சொன்னால், எந்த டான்ஷென் என்று கேளுங்கள்.

மாதவிடாய் நின்ற பெண்களிடமே டான்ஷென்னைச் சோதித்த ஆய்வும் ஒன்று இருக்கிறது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில், கொழுப்பு ஏறத் தொடங்கிய 165 பெண்களுக்கு டான்ஷென்னும் கெகென் என்ற கொடிக்கிழங்கும் சேர்ந்த கேப்ஸ்யூலை ஒரு வருடம் கொடுத்தார்கள். அளந்தது கழுத்துத் தமனியின் சுவர்த் தடிமனை. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான மாற்றங்களை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் வேலை அது. மருந்துக்குச் சாதகமாகக் கொஞ்சம் வித்தியாசம் வந்தது. நம்பிக்கை தரும் செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் தமனியின் சுவர் துளி மெலிந்தால் மாரடைப்பு குறையுமா?

இந்தக் கேள்வியை நான் சும்மா குதர்க்கத்துக்குக் கேட்கவில்லை. இதே மெனோபாஸ் விஷயத்தில் மேற்கத்திய மருத்துவம் இங்கேதான் பலமாக அடி வாங்கியது. 1990களில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயம் பிழைக்கும் என்று டாக்டர்கள் உறுதியாக நம்பினார்கள். 1998இல் ஹெர்ஸ் ஆய்வு வந்தது. ஏற்கெனவே இதய நோய் இருந்த 2,763 பெண்கள், சராசரியாக நான்கு வருடம். ஹார்மோன் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 11 சதவீதம் இறங்கியது, நல்ல கொழுப்பு 10 சதவீதம் ஏறியது. காகிதத்தில் பிரமாதம். மாரடைப்போ ஒன்றுகூடக் குறையவில்லை. 2002இல் 16,608 பெண்கள் இருந்த டபிள்யூஎச்ஐ ஆய்வில் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டின் சேர்த்துக் கொடுத்ததைப் பாதியிலேயே நிறுத்த வேண்டிவந்தது. மார்பகப் புற்றும் பக்கவாதமும் மாரடைப்பும் கூடியிருந்தன. மாதவிடாய் நின்ற சில வருடங்களுக்குள் ஆரம்பித்தால் கதை வேறு என்று பிறகு தெரியவந்தது, அது தனி விவாதம். ரத்தப் பரிசோதனை அழகாக இருப்பதும் நெஞ்சு தப்பிப்பதும் ஒன்றல்ல என்று ஹார்மோனுக்குத் தீர்ப்புச் சொன்னவர்கள், மூலிகைக்கு மட்டும் சலுகை தர முடியாது.

அதே கண்டிப்போடு பார்த்தாலும் தேறும் சீன மருந்து உண்டு. சிவப்பு ஈஸ்ட் அரிசி. வெந்த அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்து, அடர்சிவப்பாகக் காயவைப்பார்கள். சீனச் சமையலில் இறைச்சிக்கு நிறம் ஏற்றவும், ஃபூஜோ வழி வந்தவர்கள் வீட்டில் சிவப்பு ஒயின் காய்ச்சவும் காலங்காலமாக இருப்பது. 1979இல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ அந்தப் பூஞ்சையிலிருந்து மோனகோலின் கே என்ற பொருளைப் பிரித்தார். வேறொரு பூஞ்சையிலிருந்து லோவாஸ்டாட்டின் என்ற பெயரில் எடுக்கப்பட்டு 1987இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றதும் அதே பொருள்தான், அணுவுக்கு அணு.

ஆகவே அது வேலை செய்வதில் ஆச்சரியம் இல்லை. சீனாவில், மாரடைப்பு வந்து பிழைத்த 4,870 பேருக்கு இந்த அரிசியின் சாறான சுவேஜிகாங் என்ற மருந்தைச் சராசரியாக நாலரை வருடம் கொடுத்தார்கள். மறுபடி மாரடைப்போ இதய மரணமோ வந்தவர்கள் வெற்று மருந்துக் கூட்டத்தில் 10.4 சதவீதம், மருந்து சாப்பிட்டவர்களில் 5.7. இங்கே அளந்தது தமனிச் சுவரை அல்ல, மாரடைப்பையே. (அதிலும் பெண்கள் குறைவுதான்.)

ஆனால் அது ஒரே தரத்தில் தயாரான, அளவு தெரிந்த மருந்து. அம்மாவுக்குக் கிடைக்கப்போகும் கேப்ஸ்யூல் அப்படி இருக்குமா? அமெரிக்கக் கடைகளில் வாங்கிய 28 பிராண்டுகளைச் சோதித்தபோது இரண்டில் மோனகோலின் கே துளிகூட இல்லை, மற்றவற்றில் குறைந்ததற்கும் கூடியதற்கும் 60 மடங்கு வித்தியாசம். பூஞ்சை சரியில்லாமல் வளர்ந்தால் சிட்ரினின் என்ற சிறுநீரக நஞ்சும் சேரும். 2024இல் ஜப்பானில் இதே சிவப்பு அரிசி மாத்திரை சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பழுதாகி நாடே கலங்கியது. ஸ்டாட்டினுக்குச் சொல்லும் தசைவலி, கல்லீரல் எச்சரிக்கை எல்லாம் இதற்கும் பொருந்தும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் இரட்டை மருந்து. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் இருக்கிறது, சந்தேகம் வந்தால் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். எனக்குக் கேட்டால் அதுதான் பத்திரமான சிவப்பு அரிசி.

அம்மாவின் "விடவே முடியாது" பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்டாட்டினுக்கு உடம்பு அடிமை ஆவதில்லை. நிறுத்தினால் கொழுப்பு பழைய இடத்துக்குத் திரும்பும், அவ்வளவுதான். சிவப்பு அரிசியை நிறுத்தினாலும் அதேதான் நடக்கும்.

ஆபத்து பற்றி இரண்டு விஷயம். முதலாவது, ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் டோங் குவாய், டான்ஷென் இரண்டையும் ஒதுக்கியே ஆக வேண்டும். வார்ஃபரினை ஒழுங்காகச் சாப்பிட்டுவந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு, டோங் குவாய் மாத்திரை ஆரம்பித்து நாலு வாரத்தில் ரத்தம் உறையும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய சம்பவம் 1999இல் மருத்துவ இதழில் பதிவானது. நிறுத்திய நாலு வாரத்தில் பழையபடி ஆனது. டான்ஷென்னால் இதே மாதிரி ரத்தப்போக்குகள் 1990களில் ஹாங்காங்கில் பதிவாகின. அம்மா வார்ஃபரின் சாப்பிடவில்லை என்றாலும், ஆஸ்பிரின் எடுத்தாலோ பல் பிடுங்கவோ அறுவைக்கோ போனாலோ, இவற்றை முன்கூட்டியே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். "மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் நம் பெண்கள் மூலிகையை மருந்துக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அதுதான் சிக்கல்.

இரண்டாவது அம்மாவின் 148/92 சம்பந்தப்பட்டது, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். சீனக் கஷாயங்களில் கணிசமானவற்றில் அதிமதுரம் (சீனத்தில் கான்சாவ்) இருக்கிறது, மற்ற சரக்குகளை இணைக்க என்று. படபடப்புக்கும் துள்ளித் துள்ளி விழும் நாடிக்கும் 1800 வருடமாகக் கொடுத்துவரும் ஜி கான்சாவ் தாங் கஷாயத்தில் அதுதான் தலைமைச் சரக்கே. அதிமதுரம் அதிகமானால் உடம்பில் உப்பும் நீரும் தங்கி ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். பொட்டாசியம் இறங்கினால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். படபடப்புக்குக் குடித்த கஷாயமே படபடப்பைக் கொண்டுவரலாம். ரத்தக்கொதிப்பு இருப்பவர் எந்தச் சீனக் கஷாயம் வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது "இதில் கான்சாவ் எவ்வளவு?" என்பதுதான். மூட்டுவலிக்கென்று தனியாக ஏதாவது கட்டிக்கொடுத்தால் அதில் சுவான் வூ, சாவ் வூ இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவை நாபி என்ற நச்சுச் செடி வகை. சரியாக வேகாவிட்டால் இதயத்தை நிறுத்தும் விஷம்.

மலேசியாவில் ஒரு வசதி இருக்கிறது. பதிவான பாரம்பரிய மருந்துப் பெட்டியில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி, இலக்கங்களுக்குப் பிறகு டி (T) எழுத்து வரும் எண் இருக்கும். அது இல்லாததை வாங்கவே வேண்டாம். அப்புறம், 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி இதய நோயையும் ரத்தக்கொதிப்பையும் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே இங்கே குற்றம். பெட்டியிலோ வாட்ஸ்அப்பிலோ அப்படி எழுதியிருந்தால், விற்பவர் சட்டத்தையே மதிக்காதவர் என்று தெரிந்துகொள்ளலாம். தனியாக எண்ணெய்க் காகிதத்தில் மடித்துத் தரும் பொடிகளுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

ஆண்டி கொடுத்த குட்டி பாட்டில், உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள் இருந்தால், பெரும்பாலும் சுசியாவ் ஜியூசின் வான் ஆக இருக்கும். சுவான்சியோங் என்ற கிழங்கும் ஒரு வகைக் கற்பூரமும் சேர்ந்தது. சீனாவில் பல வீடுகளில் முதியவர்கள் சட்டைப்பையில் வைத்திருப்பார்கள். அவர் அன்போடு கொடுத்ததைத் திருப்பித்தந்து மனம் நோகவைக்க வேண்டாம். ஆனால் அம்மாவிடம் இதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாகத்தான் வரும் என்றில்லை. மூச்சுத் திணறல், தாடையிலோ முதுகிலோ வலி, குமட்டல், காரணமில்லாத அசதி, குளிர்ந்த வியர்வை என்று வரலாம், மெனோபாஸ் தொந்தரவு என்று நினைத்துப் பேசாமல் படுத்துவிடுவார்கள். அப்படி ஏதாவது வந்து சில நிமிடத்தில் அடங்காவிட்டால், உருண்டை வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராமல் 999ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை பாட்டிலைக் கையில் வைத்திருங்கள், எதை எத்தனை போட்டார் என்று ஆம்புலன்ஸ் ஆட்களிடம் காட்ட வேண்டும்.